மாப்பிள்ளை அழித்த லினக்ஸ்

தீபாவளி விருந்துக்கு வந்து தங்கியிருந்த தங்கையின் கணவரிடம் நான் வாயைத் திறந்திருக்கவே கூடாது. என் கம்ப்யூட்டரில் விண்டோஸோடு இன்னொரு இயங்குதளமாக இருக்கும் லினக்ஸை எடுத்துவிடப் போகிறேன் என்றேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் இரண்டில் எதைத் திறப்பது என்று கேட்கும் பகுதி லினக்ஸிடம் இருந்தது. அந்த வேலையை முதலில் விண்டோஸுக்கு மாற்ற வேண்டும், பிறகுதான் அழிக்கலாம். அதையும் சொன்னேன். மனிதருக்குக் காது எதற்கு இருக்கிறது? நான் தேயிலை ஃபேக்டரிக்குப் போய்த் திரும்புவதற்குள் அழித்தே விட்டார். கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு நின்றது.

“பழைய கம்ப்யூட்டர்லா மச்சான், இப்படித்தான் ஆகும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா என் கையைக் கிள்ளினார். “மாப்பிள்ளையப் போயி எதுத்துப் பேசுவியா?”

எங்கள் தோட்டத்து லய வீடுகளில் மாப்பிள்ளைகள் தப்பே செய்வதில்லை. மழையில் ரிங்லெட் டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் போய், விண்டோஸைச் சரிசெய்யும் நண்பனின் பென்டிரைவை வாங்கிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்து விண்டோஸைத் திறக்க வைத்தேன். அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டு டிவி பார்த்தார்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். அம்மாவுக்கு முகமெல்லாம் பெருமை.

“மாப்பிள்ளை கை வெச்சாரு. இப்ப பாரு, எவ்ளோ வேகமா ஓடுது!”