கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார்

திருத்தங்கலில் காலண்டர் அச்சிடும் பிரஸ் ஒன்றில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறேன். ஏழு வயது மகள் சேட்டை செய்யும்போதெல்லாம், "பல் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயி ஊசி போடச் சொல்லிருவேன்" என்பேன். அவளுக்குக் கடைவாய்ப்பல் வலி வந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிந்தது.

சிவகாசியில் ஒரு பல் டாக்டரின் கிளினிக் வாசல்வரை பைக்கில் சமர்த்தாக வந்தாள். உள்ளே போனதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவளைப் பிடிக்கப் போனேன்.

"பிடிக்காதீங்க," என்றார் டாக்டர். என்னைவிடச் சின்ன வயதுப் பெண். "பாப்பா இன்னைக்கு வாயத் தொறக்க வேணாம். அப்பாவுக்குப் பாப்போம். பாப்பா எனக்கு லைட் பிடிக்கட்டும்."

பல் வலித்தால் கிராம்பை வைத்து அமுக்கிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறவன் நான். மகள் பார்க்கிறாளே என்று நாற்காலியில் சாய்ந்தேன். டாக்டர் கொடுத்த டார்ச்சை அடித்து அவள் ஒவ்வொரு பல்லாக எண்ணினாள்.

"இங்கன ஒண்ணு கறுப்பா இருக்கு," என்றாள், சந்தோஷமாக.

அதை அன்றைக்கே அடைத்துவிடலாம் என்றார் டாக்டர். தப்பிக்க வழியில்லை.

"வலிச்சா?" மகள்தான் கேட்டாள்.

"அப்பா கையத் தூக்கணும். ஒடனே நிறுத்திருவேன்."

மெஷின் கொர்ரென்றது. நான் கண்ணை இறுக மூடினேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, யாரோ என் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தால் மகள்.

"எனக்கு வலிக்கல தாயி."

"சும்மா பாத்தேன்."

அப்படி மூன்று தடவை தூக்கினாள். மூன்று தடவையும் டாக்டர் முகம் சுளிக்காமல் நிறுத்தினார். நான்காவது தடவை அவள் தூக்கவில்லை. நான் இறங்கியதும் அவளாகவே நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

அவள் பல்லில் சின்னக் குழிதான். சுத்தம் செய்து அடைத்தார். நடுவில் இரண்டு தடவை கையைத் தூக்கினாள். டாக்டர் நிறுத்தியதும், "ம், செய்ங்க" என்று உத்தரவு வேறு. என்னுடைய இத்தனை வருஷ மிரட்டலை ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண் துடைத்துவிட்டார். வெளியே வரும்போது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் தன் அம்மாவைப் பாயில் படுக்கவைத்து, செல்போன் வெளிச்சத்தில் வாய்க்குள் பார்த்தாள். "அம்மாவுக்கு ரெண்டு கறுப்பு," என்றாள்.

என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். "ஆறு மாசமா வலிக்கத்தான் செய்யுது," என்றாள் மெதுவாக.

"ஏன் சொல்லல?"

"நீங்க மட்டும் சொன்னீகளாக்கும்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகக் கிளம்பினோம். மகள்தான் முதலில் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள்.