திருநகரிலிருந்து மதியக் காட்சிக்கு: பதினேழு வயது மகனுடன் ஒரு டவுன் பஸ் பயணம்

பதினேழு வயதில் மீசை முளைத்த என் மகன் செல்வத்துக்கு, சிறப்புப் பயிற்சிப் பள்ளி ஆண்டு விழாவில் அட்டையில் செய்த முயல் காதை மாட்டி, குழந்தைப் பாட்டுக்கு ஆட வைத்தார்கள். அது தவறு. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அவனுக்கு மூளை வளர்ச்சி மெதுவாக இருக்கலாம். வயது மெதுவாக வரவில்லை. அட்டையைப் பிய்த்து எறிந்தான். "அடங்காத பிள்ளை" என்று என்னிடமே புகார் வந்தது. உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டேன். "சண்டைப் படம்" என்றான். தெருவில் அவன் வயதுப் பையன்கள் எல்லோரும் பார்த்துவிட்ட படம்.

அதனால்தான் 1984 கோடையில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். திருநகரிலிருந்து பெரியார் நிலையம் சுமார் எட்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். படம் இரண்டரைக்கு. ஒன்றரை மணி பஸ் இரண்டு மணிக்குத்தான் வந்தது.

பெண்கள் பக்கம் என்னோடு உட்காரச் சொன்னேன். "நான் ஆம்பள" என்று பின்பக்கம் போய்விட்டான். நடத்துநர் சிரித்தார். "பச்சப்பிள்ளதானக்கா, பக்கத்துலயே வச்சுக்கங்க." இரண்டு முழு டிக்கெட் கேட்டு வாங்கினேன். பயம் அப்போதே தொடங்கிவிட்டது.

திருப்பரங்குன்றத்தில் கூட்டம் ஏறியது. அவன் தலை மறைந்தது. செல்வத்துக்குக் கைக்கடிகாரம் என்றால் உயிர். யார் கையில் பார்த்தாலும் பிடித்துத் திருப்பிப் பார்ப்பான். தெரியாத கூட்டத்தில் அதற்குப் பெயர் திருட்டு. பஸ்ஸில் பிக்பாக்கெட் என்று பிடிபட்டவனை அடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் பேர் ஊர் கேட்டுவிட்டு அடிப்பதில்லை. பசுமலை தாண்டும் வரை பின்னாலிருந்து வரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து எட்டிப் பார்த்தேன்.

பழங்காநத்தத்தில், அவன் போட்டிருந்ததைப் போல நீலச் சட்டை ஒன்று பின்வாசல் வழியே இறங்கி நடந்தது. "செல்வம்!" என்று கத்திக்கொண்டு நானும் குதித்தேன். ஓடிப்போய்த் தோளைப் பிடித்தால், யாரோ ஒரு பையன். திரும்பினேன். பஸ் போய்விட்டது. என் மகன் அதற்குள் இருந்தான்.

பத்து நிமிடம் கழித்துக் கிடைத்த ஆட்டோவில், "தொலச்சுட்டேன்ணே, பெரியார் நிலையம் போங்க" என்று அழுதபடி ஏறி விழுந்தேன்.

"யாருக்கா தொலஞ்சது? எம்புட்டு வயசு?"

"பதினேழுண்ணே."

"பதினேழு வயசுப் பயலுக்கா இம்புட்டு அழுக?"

"வண்டிய விடுங்கண்ணே!"

வழியெல்லாம் கூட்டம் கூடிய இடங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவில் யார் கிடக்கிறார்கள் என்று. ஆட்டோவுக்கு ஐந்து ரூபாய்.

பெரியார் நிலையம்தான் கடைசி நிறுத்தம். செல்வம் தானே இறங்கி, பஸ்களுக்கு நேரம் குறிக்கும் அலுவலர் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி அதட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கம்மா தொலஞ்சு போச்சு. பச்சச் சேல. தேடுங்க!"

அவர் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். "மிட்டாய் குடுத்தேன்க்கா, தூக்கி எறிஞ்சுட்டான். இந்த வாச்ச மட்டும் விட மாட்டேங்குறான்."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். செல்வம் வாட்சைக் காட்டினான். "மூணாகப் போகுது. உன்னால ஒரு சண்ட போச்சு."

மிச்சச் சண்டை எல்லாம் பார்த்தான். மற்றவர்களைப் போல விசிலடித்தான். திரும்பும்போதும் பின்பக்கம்தான் உட்கார்ந்தான். இனி தனியாகவே போகிறேன் என்பானே என்று, என் பயம் அன்று மாலை குறையவில்லை, கூடியது.

செல்வத்தைப் போன்ற பிள்ளையோடு போகிறவர்களுக்கு: கூட்டம் குறைந்த நேரத்தில் போங்கள். சந்திக்கும் இடத்தை முன்பே நேரில் காட்டிவிடுங்கள். தியேட்டரில் சத்தம் தாங்காவிட்டால் எழுந்து வர, ஓரத்து இருக்கை கேளுங்கள்.

இனி, செய்ய வேண்டியவர்கள் செய்ய வேண்டியது. பள்ளி நடத்துகிறவர்களே, எதைச் சொல்லிக் கொடுக்கும் முன்னும் பிள்ளையின் வயதைக் கேளுங்கள். நடத்துநர்களே, இறங்கும் இடத்தை அவனிடம் சொல்லுங்கள், அம்மாவிடம் அல்ல. பயணிகளே, கை ஓங்கும் முன் அவன் பெயரைக் கேளுங்கள். பெற்றோர்களே, பயம் போன பிறகு அனுப்பலாம் என்று காத்திருக்காதீர்கள், அது போகாது. பயத்தை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருங்கள்.