வீட்டுக்குள் வந்த வெள்ளம்

இரண்டு அரசாங்கங்கள் மூன்று வருடம் பேசிப் பேசிச் சேர்த்து வைத்ததை நான் ஒரே மத்தியானத்தில் கெடுத்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

எழுபத்தொன்றில் போர் மூண்டதும் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே தபால் நின்றுபோனது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, கராச்சியில் இருந்தாள்; பெரியப்பாவுக்கு அங்கே சாயாக்கடை. போர் முடிந்தும் கடிதப் போக்குவரத்து தொடங்கவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிட்டங்கியில் வேலை பார்த்த அத்தா, சாயங்காலம் மலையாளப் பத்திரிகையைக் கொண்டுவந்து உரக்க வாசிப்பார். மலைமேல் ஒரு மாளிகையில் தலைவர்கள் பேசினார்கள், தூதர்கள் போனார்கள் வந்தார்கள், கைதிகள் வீடு திரும்பினார்கள். அம்மா அத்தனையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்பாள்: "தபாலப் பத்தி ஏதாச்சும் பறஞ்சாங்களா?"

அவளுக்கு அது ஏன் அத்தனை முக்கியம் என்று சொல்ல வேண்டும். போருக்கு முந்திய வருடம் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் பக்கம் கிணற்றில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு குழாயடியில் நிற்க வேண்டும். "இந்தத் தண்ணியக் குடிச்சிக்கிட்டு எப்படித்தான் இருக்கியோ" என்று பெரியம்மா சொல்லப்போக, "மகாராணிக்கு இங்க ஒண்ணும் பிடிக்காது" என்று அம்மா வெடுக்கென்று சொல்ல, முகம் கொடுத்துப் பேசாமலே இருவரும் பிரிந்தார்கள். சமாதானமாகிவிடலாம் என்று அம்மா நினைத்தபோது வழி அடைபட்டுவிட்டது.

ஒருவழியாகத் தபாலுக்கும் ஒப்பந்தமானது. சில மாதங்களில் பெரியம்மாவின் கடிதம் வந்தது. நான்கு பக்கம், தமிழில். அவள் தென்காசியில் தன் தாய்மாமா வீட்டில் வளர்ந்து தமிழ் படித்தவள். கொச்சியிலேயே வளர்ந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அத்தாவுக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான். என் மாமா ஒருவர் வாங்கித் தந்த அரிச்சுவடியை வைத்துக்கொண்டு, நானே வீட்டுக்குத் தமிழ்ப் பண்டிதை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

அச்செழுத்து வேறு, கையெழுத்து வேறு என்பது கடிதத்தைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. பாதிக்கு மேல் பிடிபடவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. புரிந்ததை மட்டும் பொறுக்கி உரக்கப் படித்தேன். 'அன்புள்ள தங்கைக்கு', 'எப்போதும் உன் நினைவுதான்', 'வீட்டுக்குள் வெள்ளம் வந்து'. மற்றதையெல்லாம் தாண்டிவிட்டேன்.

எங்கள் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். அக்கம்பக்கத்து மலையாளம் எங்களுக்குத் தந்த சொல் அது. குடிப்பதும் வெள்ளம், குளிப்பதும் வெள்ளம். அம்மா எழுந்தேவிட்டாள். "வீட்டுக்குள்ளயா? பைப்பு போட்டாச்சா!" என்று பக்கத்து வீட்டுச் சேச்சியைக் கூப்பிட்டுச் சொன்னாள். அன்று சாயாவில் சர்க்கரை தாராளமாக விழுந்தது.

கையோடு பதில் எழுத என்னை உட்காரவைத்தாள். "எழுது மோளே. ராத்தா, உன் வீட்டுக்குள்ள வெள்ளம் வந்ததக் கேட்டு மனசு நெறஞ்சு போச்சு. எங்க வெள்ளத்தக் குறை சொன்னியே, உனக்கு அல்லா வீடு தேடிக் கொடுத்துட்டான். இன்னும் நெறையக் கொடுக்கட்டும்." கேலி செய்யும் அளவுக்கு மனம் ஆறிவிட்டது என்று அக்காவுக்குப் புரிய வேண்டுமாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் முத்துமுத்தாக எழுதினேன்.

அதற்கும் பதில் வந்தது, ஒரே வரியில். அதன்பின் கடிதமே இல்லை. தபால்காரரைக் கண்டால் அம்மா வாசலுக்குப் போவாள். பிறகு அதையும் விட்டாள். "ராத்தாக்கு வசதி வந்துட்டு. நம்ம ஓர்மை இல்ல" என்பாள், கோபமில்லாமல்.

கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகு, ஒரு மழைக்காலத்தில் தமிழ்ப் பத்திரிகையில் 'வீடுகளுக்குள் வெள்ளம்' என்ற தலைப்பைப் பார்த்தேன். கீழே ஜன்னல்வரை மூழ்கிய ஒரு தெருவின் படம். பெரியம்மா எழுதிய வெள்ளம் இதுதான்.

அடுத்த முறை மட்டாஞ்சேரி வந்தபோது அம்மாவின் பெட்டியிலிருந்து அந்த நான்கு பக்கங்களை எடுத்துப் படித்தேன். சிறுவயதில் நான் தாண்டிய வரிகளில் எல்லாம் இருந்தது. மழையில் சாயாக்கடை போய்விட்டது. கடைசிப் பையனுக்கு விடாத காய்ச்சல். 'அன்று உன் வீட்டுத் தண்ணீரைப் பழித்தேன். அதற்குத்தான் இந்தத் தண்டனையோ என்னவோ. என்னை மன்னித்துவிடு.'

பழைய விலாசத்துக்கு நான் எழுதிய கடிதம் திரும்பி வந்தது. அம்மாவிடம் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன்; அவள் கண்மூடும்வரை சொல்லவில்லை. அவள் மனம் நோகும் என்று பயந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எனக்கு வெட்கம், அவ்வளவுதான்.

ஒரு வரிக் கடிதமும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. 'நீயாவது சந்தோஷமாக இரு.' அதை அம்மா திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். வாழ்த்து என்று நினைத்து நானும் ஒவ்வொரு முறையும் கூடுதல் ராகத்தோடு படித்தேன். அந்தக் கடிதத்தில் எனக்குத் தெரியாத எழுத்து ஒன்றுகூட இருக்கவில்லை.