ஞானப்பிரகாசம் கழற்றாத டிஸ்க்

என் கட்டுரைகளின் பிரதி ஒன்று என் வீட்டுக்கு வெளியிலும் இருக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் முடிவெடுத்தேன். வருங்காலத் தமிழர்களை முன்னிட்டு எடுத்த முடிவு. தற்காலத் தமிழர் யாரும் அவற்றைக் கேட்கவில்லை. அவற்றை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, காக்கும் பொறுப்பை டோல்கேட் அருகே டிடிபி கடை வைத்திருந்த ஞானப்பிரகாசத்திடம் ஒப்படைத்தேன். போன வாரம் அவர் மாரடைப்பில் இறந்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். வருத்தத்துக்கு முன்னால் எனக்கு வந்தது என் ஹார்ட் டிஸ்க்கின் நினைவு.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் கடையும் தெரியும். இரவில் ஒரு சாவு நடந்தால் விடிந்ததும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு அங்கேதான் ஓடுவார்கள். இறந்தவர் படத்தில் சட்டை கசங்கியிருந்தால் கணினியிலேயே சரிசெய்துவிடுவார். "போறப்பவாவது மடிப்பு கலையாம போகட்டும்" என்பார்.

கணினி லினக்ஸில் ஓடியது. அதை ஆன் செய்ததும் என் டிஸ்க் தானாக இணையும்படி, என் விருப்பத்துக்கிணங்க, ஒரு வரிக் கட்டளை எழுதிச் சேர்த்திருந்தார். டிஸ்க், நான் உபயோகித்து ஒதுக்கிய பழையது. அன்றிலிருந்து கணினி எழுந்துவரத் தாமதமாயிற்று. மெமரி போதாது, தூசி, கடற்காற்று என்று நான் காரணங்கள் வழங்கினேன். அவர் மெமரி வாங்கிப் போட்டார். தாமதம் குறையவில்லை.

ஒருநாள் காலை நான் அங்கிருந்தபோது, சுவரொட்டிக்கு வந்த ஒருவர் கறுத்த திரையையே பார்த்து நின்றார். "உள்ள ஒரு எழுத்தாளரு தூங்கிக்கினுகீறாரு, எழுந்துக்கட்டும்" என்றார் ஞானப்பிரகாசம்.

"அவரு எழுந்துக்கறதுக்குள்ள எங்க பெருச எடுத்துருவாங்க நைனா" என்று சொல்லிவிட்டு, வந்தவர் எதிர்க்கடைக்குப் போனார். எழுத்தாளர் என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வாக்கியத்தின் மீதியை நான் கவனிக்கவில்லை.

அடக்கம் முடிந்தபின் டிஸ்க்கை வாங்கக் கடைக்குப் போனேன். அவர் மனைவி மேரி அதைக் கழற்றித் தந்துவிட்டுக் கணினியை ஆன் செய்தார். நான் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை வந்துவிட்டது.

இது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும்ணா. டிஸ்க்க கயட்டிட்டு ஆன் பண்ணிப் பாத்தாரு, டக்குனு வந்துச்சு. திரும்ப மாட்டிட்டாரு. 'அண்ணன் வந்தா மொதல்ல அத்தத்தான் பாப்பாரு'ன்னாரு."

உண்மைதான். கடைக்குள் நுழைந்ததும் டிஸ்க்கின் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். அவர் முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகு.

அவர் நினைவாக அவருடைய பொறுமையை நான் வைத்துக்கொள்வதாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். 'அண்ணன் வந்தா' என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

காலையில் ஆள் வருவது நின்றுபோனதால், சில மாதங்களாக அவர் விடியற்காலைகளில் எதிர்க்கடையில் சம்பளத்துக்குச் சுவரொட்டி வடிவமைத்துவந்தார் என்று மேரி சொன்னார்.