பல்லில் கடித்த கூடை

பத்தாவது வரை படித்தவள் நான். ரவிக்கை தைப்பது தொழில். நாலு பேர் கூடினால் வாய் திறக்கமாட்டேன். இவளெல்லாம் எழுத வந்துவிட்டாளா என்று தோன்றினால் மன்னித்துவிடுங்கள். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மயிலாப்பூரில் ஒரு சந்தில் என் கடை. ஞாயிறு விடுமுறை. அன்று பஸ் ஏறி, அதுவரை பார்க்காத ஏதாவது ஓர் இடத்துக்குப் போய்விடுவேன். யாரிடமும் பேசமாட்டேன், பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அப்படித்தான் ஒரு ஞாயிறு காலையில், அடையாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் உடைந்த பாலத்துக்குக் கீழே போய் நின்றேன். தண்ணீர் வற்றிக் கிடந்தது. நாற்றம்தான். ஆனாலும் சேற்றில் நெட்டைக் கால் பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நெஞ்சளவு தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்துகொண்டிருந்தார். ஓர் ஓலைக் கூடையின் விளிம்பைப் பல்லால் கடித்திருந்தார். இரண்டு கைகளும் தண்ணீருக்கடியில் சேற்றைத் தடவிக்கொண்டே போயின. திடீரென்று ஒரு கை மேலே வரும், துள்ளத் துள்ள ஓர் இறால் கூடைக்குள் விழும். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. நான் கரையோரமாக இன்னும் கிட்டே போய் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறினார். என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். "என்னாச்சுங்க?"

"பல்லு, யக்கா. கூடைய கடிச்சா உயிரே போவுது. மத்தியானம் சம்மந்தி வூட்டாளுங்க மொத தபா சாப்ட வராங்கோ. எறா கொழம்புன்னு சொல்லிட்டேன். கால் கூடைகூட ரொம்பல."

"கடையில வாங்கிக்கலாமே?"

"எறா புடிக்கிறவ வூட்ல காசு குட்த்து வாங்கின எறாவா? காலம்பூரா சொல்லிக் காட்டுவாங்க. தண்ணி வேற ஏறப் போவுது."

"கூடையை இடுப்புல கட்டிக்கிட்டா?"

"இடுப்பு தண்ணிக்குள்ள கீது. எறா நீந்திகினு போய்டாது?"

"நான் பிடிச்சுக்கிட்டு கூடவே வரட்டுமா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொடவ பாழாப்பூடும். பரவால்லன்னா வா."

முதலில் கூடையைக் கையில்தான் பிடித்தேன். இரண்டடி வைப்பதற்குள் கால் சேற்றில் புதைந்து, கூடை சாயப் பார்த்தது. இரண்டு கைகளையும் தரையில் ஊன்றினால்தான் நகர முடிந்தது. வேறு வழியில்லாமல் நானும் குந்திக் கூடையைக் கடித்துக்கொண்டேன்.

"அவ்ளோதான். வாய மட்டும் தொறந்துடாத," என்றார்.

அவர் தடவித் தடவிப் போட, நான் பின்னாலேயே நகர்ந்தேன். மூக்குக்கு நேரே இறால்கள் துள்ளின. ஓலையின் உப்பு நாக்கில் கரித்தது. ஊன்றிய கையில் ஏதோ குறுகுறுத்தது. அழுத்திப் பிடித்தேன். இறால்! நானே பிடித்த இறால்! கத்த வேண்டும்போல் இருந்தது. பல்லை இறுக்கிக்கொண்டு அதைக் கூடையில் போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பாலத்தின் மேலிருந்து ஒரு குரல். என்னிடம் துணி கொடுத்திருந்த மாமி, கணவரோடு நடைப்பயிற்சிக்கு வந்திருக்கிறார்.

"டெய்லரம்மா தானே? அங்க என்ன பண்ணிண்டு இருக்கேள்? என் பிளவுஸ் ரெடியா?"

தலையை ஆட்டினால் கூடை கவிழும். புருவத்தை மட்டும் தூக்கினேன்.

"பாருங்கோன்னா, பதிலே சொல்ல மாட்டேங்கறா."

"மாமி, அது வாய்ல என் சம்மந்தி மானம் கீது. அப்பால பேசிக்கோ," என்றார் இந்தப் பெண். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. உதடு பிரிந்து கூடை ஒரு பக்கம் இறங்கியது. தாவி இன்னும் ஆழமாகக் கடித்தேன். ஒன்றிரண்டு இறால்கள் போயின, மற்றவை தங்கின.

தண்ணீர் கழுத்துக்கு ஏறியபோது கூடை முக்காலுக்கு மேல் நிறைந்திருந்தது. கரையேறியதும் அவர் இறால்களைக் கையால் கிளறிப் பார்த்தார்.

"போதும் யக்கா. ரெண்டு கொழம்பு வெக்கலாம்," என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் கூடையையும் மறு கையால் கன்னத்தையும் பிடித்தபடி வேகவேகமாக நடந்தார்.

மறுநாள் எனக்குத் தாடை வலித்தது. கஞ்சி குடித்துவிட்டுக் கடை திறந்தேன்.