நுரை கட்டிய ஓட்ஸ் கஞ்சி

துபாயில் வேலை பார்க்கும் என் கணவர், சர்க்கரை நோய் உள்ள தன் அம்மாவுக்காக ஸ்டீல் கட் ஓட்ஸ் கொடுத்து அனுப்பியிருந்தார். நொய்யரிசி போல இருக்கும் அது வேக அரை மணி நேரமாகும். அதனால் முதல் நாள் மாலையே நோன்புக் கஞ்சி பக்குவத்தில் இஞ்சி, பூண்டு, வெந்தயம் போட்டுக் காய்ச்சி, தேங்காய்ப்பாலும் ஊற்றினேன். பழைய சோற்றை வைப்பது போல அடுப்படியிலேயே மூடி வைத்துவிட்டேன். எங்கள் பெரியபட்டினத்துப் புழுக்கத்தை யோசிக்கவே இல்லை.

பெருநாளுக்குப் பிறகு பிடிக்கும் ஆறு நோன்பில் இருந்ததால், காலையில் நான் ருசி பார்க்கவில்லை. பூண்டு வாசனையில் வேறு வாடையும் தெரியவில்லை. மாமிக்கோ சளி பிடித்து மூக்கடைப்பு. சூடு பண்ணாமலே கொடுத்த கிண்ணத்தை வாங்கி, ஸ்பூனையும் எடுத்துவிட்டார்.

அப்போதுதான் வாசலில் மீன் கூடையை இறக்கிய பாண்டியம்மா எட்டிப் பார்த்தாள். "அம்மா, வாயில வச்சுறாதீக! மேல நொரை கட்டி நிக்குது!"

கிண்ணத்தை வாங்கி முகர்ந்தேன். பூண்டையும் மீறி ஒரு புளிப்பு. அழுதே விட்டேன்.

"அல்லா காப்பாத்துனான். நீ என்ன வேணும்னா செஞ்ச? அழுவாத புள்ள" என்றார் மாமி.

இப்போது ஓட்ஸைத் தண்ணீரில் மட்டும் வேகவைத்து, ஆறியதும் டப்பாக்களில் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். தேங்காய்ப்பால், காலையில் கொதிக்கவைத்த பிறகுதான். பாண்டியம்மாவுக்கும் ஒரு டப்பா உண்டு.

"என்னய வச்சுச் சோதிச்சுப் பாக்குறீகளாக்கா?" என்று சிரித்தபடியே குடிப்பாள்.

ஆனால் அவள் கூடை வாசலில் இறங்கும்வரை மாமி ஸ்பூனைத் தொடுவதில்லை.