சீட்டின் மேல் செருப்பு

எங்கள் சின்னம்மாவுக்கு ஐந்து பெண்கள். நாலு பேர் அம்மாவைப் போல நெடுநெடுவென்று வளர்ந்தார்கள். கடைசிக்காரி மட்டும் அப்பாவைக் கொண்டு பிறந்து நாலரை அடியோடு நின்றுவிட்டாள். வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்று பேர். அந்தக் குண்டூசிதான் பெரிய பண்ணையில் பதினைந்து டன் புல்டோசரை ஓட்டினாள் என்று சொன்னால், பார்க்காதவர்கள் சிரிப்பார்கள். பார்த்தவர்கள் ஒதுங்கி நிற்பார்கள்.

அவள் புருஷன் அதே பண்ணையில் மெக்கானிக். முறைப் பையன்தான், அவன் அம்மாவும் இவள் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். அவனுக்கு ஊரார் வைத்த பேர் 'காது'. இரண்டு காதும் மந்தம் என்பதால் அப்படி ஒரு பேர். இருபது வருஷம் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே நின்றால் வேறென்ன ஆகும்? ஆனால் மிஷின் பேசுவது மட்டும் அவனுக்குக் கேட்கும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவான். "பேரிங் போச்சு" என்பான். பிரித்துப் பார்த்தால் பேரிங்தான் போயிருக்கும்.

ரிப்பேர் முடிந்து அவன் அப்படிக் கேட்கும்போது, மேலே உட்கார்ந்து லீவரைத் தள்ள ஓர் ஆள் வேண்டுமே. அதற்குப் போய் உட்கார்ந்தவள்தான் குண்டூசி. பழைய டிரைவர் பாதி வேலையில் நின்றுவிட, மேட்டை வெட்டிச் சமன் செய்ய வேறு ஆளில்லாமல், "நானே ஓட்டுறேன்" என்றாள். அப்புறம் அவளை யாரும் இறக்கவில்லை. கால் எட்டாது. அதற்கு ஒரு மரக்கட்டை வைத்திருந்தாள். ஒரு முழம் நீளம், நல்ல கனம். ஓட்டும்போது காலுக்கு அடியில் போட்டுக்கொள்வாள். மற்ற நேரம் அது சீட்டுக்குப் பின்னால் கிடக்கும். அவனும் முன்னால் மண் தள்ளுகிற பிளேடைத் தூக்கி வேலை பார்க்கும்போது, அது இறங்காமலிருக்க அதே கட்டையைத்தான் முட்டுக் கொடுப்பான். ஒரே கட்டைக்கு இரண்டு எஜமானர்கள்.

அவர்களுக்குள் இன்னொரு வழக்கம் இருந்தது. வண்டிக்கு அடியில் போகிறவர் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, செருப்பைக் கழற்றி டிரைவர் சீட்டின் மேல் வைத்துவிட வேண்டும். கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது, அதனால் கண்ணுக்குத் தெரிகிற அடையாளம். சீட்டில் செருப்பு இருந்தால் அடியில் ஆள் இருக்கிறது. சேறு படிந்த செருப்பின் மேல் யாரும் தெரியாமல் உட்கார்ந்துவிட முடியாது, பாருங்கள். பன்னிரண்டு வருஷம் இது ஒருநாளும் தவறியதில்லை.

அந்த வருஷம் மழை ஒன்பது நாள் விடவில்லை. பண்ணையின் மேட்டில் பெரிய குளம். குளத்துக்குக் கீழே மாட்டுக் கொட்டகை, அதற்கும் கீழே எங்கள் ஆறு வீடுகள். எட்டாம் நாள் சாயங்காலம், மதகுக்குப் பக்கத்தில் கரைமேல் மண் தள்ளிக்கொண்டிருந்தபோது புல்டோசரின் பிளேடைத் தூக்கிப் பிடிக்கிற எண்ணெய் ஹோஸ் வெடித்து, பிளேடு தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. அது எழும்பாமல் வண்டியை நகர்த்த முடியாது. விடிந்ததும் புது ஹோஸ் மாட்டுவதாக ஏற்பாடு.

விடிந்ததும் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. பக்கத்து வீட்டில் இருந்த எனக்கே கேட்டது. அவனுக்கு எடுத்துச் சொல்வதென்றால் தெருவுக்கே சொல்ல வேண்டும்.

"பதினஞ்சு டன் இரும்பைப் பிரிச்சு மாட்டத் தெரியுது, ரெண்டு இஞ்ச் செருப்பு வாரைத் தைக்கத் தெரியலையா? ஒரு வாரமா சொல்றேன்!"

"கம்பி கட்டியிருக்கேன்ல? நடக்குது."

"நடக்குதா, இழுபடுதா? எங்கயாவது சேத்துல விட்டுட்டு வரப்போற, பாரு."

அவள் வாயில் சனி இருந்தது போல. பட்டறையிலிருந்து ஹோஸையும் ஜாக்கியையும் தூக்கிக்கொண்டு கிளம்பியவனுக்குப் பட்டறை வாசலிலேயே வார் அறுந்துவிட்டது. இரண்டு செருப்பையும் அங்கேயே உதறிவிட்டு வெறுங்காலோடு கரையேறினான். ஜாக்கி வைத்துப் பிளேடை ஒரு முழம் தூக்கினான். கட்டையை முட்டுக் கொடுத்து ஜாக்கியை உருவிக்கொண்டான். சாவி இடுப்பில். சீட்டில் வைக்கச் செருப்பில்லை. அதற்குப் பதில் வேறு எதையாவது வைத்திருக்கலாம், தோன்றவில்லை. பன்னிரண்டு வருஷமாகக் காலைப் பார்த்தே பழகிய வழக்கம், காலில் ஒன்றும் இல்லாத அன்றைக்கு மறந்தே போயிற்று. பிளேடுக்குப் பின்னால், வண்டி உருளுகிற இரண்டு இரும்புச் செயினுக்கும் நடுவில் மல்லாந்து படுத்தான். முன்னால் பிளேடு மறைத்தது, பக்கத்தில் செயின்கள் மறைத்தன. ஆள் இருப்பதே தெரியாது.

அந்த நேரத்தில் குண்டூசி மதகுக்குக் கீழே, கரைச் சரிவில் குனிந்து மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்; அவன் வந்ததைப் பார்க்கவில்லை. கரையில் விரல் கனத்தில் கசிந்த தண்ணீர் கை கனமாகி, தொடை கனமாயிற்று. கலங்கலாக வந்தது. கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். கீழே கொட்டகையில் நான் மாடுகளை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். பண்ணை மேனேஜர் குடையில்லாமல் கரைப்பக்கம் ஓடியது தெரிந்தது.

"ஏம்மா! இன்னும் மூட்டை அடுக்கிட்டிருக்கியே, வண்டிய எடு!"

"ஹோஸ் மாட்டியாச்சா?"

"பிளேடு தூக்கி நிக்குதே, தெரியலையா? மாட்டிட்டுப் பட்டறைக்குப் போயிட்டான். வாசல்ல செருப்பு கெடக்குது, நானே பாத்தேன்."

"சாவி அவர்கிட்ட இருக்குமே."

"இந்தா, ஆபீஸ்ல ஒண்ணு வெச்சிருந்தேன். ஏறு, ஏறு!"

இப்படி ஒரு சாவி இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் கேள்வி கேட்க நேரமில்லை. பிளேடு தூக்கி நின்றது. செருப்பு பட்டறை வாசலில் கிடந்தது. சீட்டைப் பார்த்தாள், மழைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. ஏறி உட்கார்ந்தாள்.

அது பழைய வண்டி. சாவியைப் பாதி திருப்பி இருபது எண்ண வேண்டும். இன்ஜின் உள்ளே சூடாகும். அப்புறம் முழுசாகத் திருப்பினால்தான் பிடிக்கும். பிடித்தவுடன் முன்னால் விட்டு மண்ணைத் தள்ளுவதுதான் அவள் நினைப்பு. ஓட்டக்கூட வேண்டியதில்லை, அந்த ஈர மண்ணில் இன்ஜின் உதறுகிற உதறலுக்கே கட்டை சரிந்து பிளேடு அவன் மேல் இறங்கிவிடும்.

சாவியைப் பாதி திருப்பினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள்.

அடியில் அவன் கத்திக்கொண்டுதான் இருந்தான். வண்டி கிளம்பப் போவது தெரிந்து அல்ல. கட்டை ஈர மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்து, பிளேடைத் தாங்கும் இரும்புக் கை அவன் தொடைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது. கட்டைக்குக் கீழே பலகை போடாதது அவசரத்தில் அவன் செய்த இரண்டாவது தப்பு. கத்தினானே தவிர, யாராவது பதில் சொன்னார்களா என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? மேலே இருந்தவளுக்கோ தலைக்கு மேல் தகரக் கூரை. அதில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நின்ற மேனேஜர் பேச்சே கேட்கவில்லை.

ஒன்பது, பத்து.

"என்ன எண்ணிட்டிருக்க? திருப்பு!" என்று மேனேஜர் ஏணியில் ஏறி நின்று கையை ஆட்டினார்.

பதிமூன்றில், எப்போதும் செய்வதுபோல, காலுக்குப் போட்டுக்கொள்ளக் கட்டைக்காகச் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டாள். கை வெறுமனே துழாவியது. இன்னும் உள்ளே விட்டாள். இல்லை.

பதினாறு வரை எண்ணினேன் அக்கா, என்று பின்னால் என்னிடம் சொன்னாள். வாய் எண்ணிக்கொண்டே போயிற்றாம். பதினேழில்தான் புத்திக்கு எட்டியது: கட்டை இங்கே இல்லையென்றால் பிளேடுக்கு அடியில் இருக்கிறது. கட்டை அடியில் இருந்தால் பிளேடு ஹோஸில் நிற்கவில்லை. அப்படியென்றால் வேலை முடியவில்லை. முடியாத வேலையை விட்டு அந்த மனுஷன் எழுந்து போகிறவன் இல்லை.

சாவியை உருவிக்கொண்டு குதித்தாள். ஏணியில் நின்ற மேனேஜரும் அவளோடு சேற்றில் விழுந்தார். குனிந்து பார்த்தால், செயினுக்கு நடுவில் இரண்டு வெறும் பாதங்கள்.

"மச்சான்!"

அவன் தலையைத் திருப்பினான். முகம் வெளுத்திருந்தது. அவள் கத்தியது கேட்டிருக்காது, பாதத்தைப் பிடித்தது தெரிந்தது.

"வந்துட்டியா? கட்டை உக்காந்துக்கிட்டே இருக்கு புள்ள. காலை எடுக்க முடியல. இன்னும் ரெண்டு நட்டுதான் பாக்கி."

"நட்டாம் நட்டு!" என்று சொல்லிக்கொண்டே அவள் கையால் மண்ணை வாரினாள். அவன் தொடைக்கு அடியில் பறித்தாள். பறித்த இடத்தில் தண்ணீர் நிறைந்தது. ஒரு விரல் அளவு கால் இறங்கினால், இரும்பும் ஒரு விரல் இறங்கியது.

"கரை போகுதும்மா! முதல்ல கரையப் பாரு!" என்றார் மேனேஜர்.

அவள் நிமிர்ந்தாள். "கரை போனா நாளைக்குக் கட்டலாம். இந்த ஆள எங்க போய்க் கட்டுவீங்க? ஜாக்கியப் பிடிங்க!"

கத்தல் கீழே எங்களுக்குக் கேட்டது. நானும் கொட்டகையில் பால் கறக்கிற மூன்று பேரும் கரையேறி ஓடினோம். ஜாக்கியை வைத்தால் அதுவும் சேற்றில் இறங்கியது. தூக்குவதற்குப் பதில் தன்னையே புதைத்துக்கொண்டது. ஏன் கையில் பால் கேன் மூடியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குண்டூசி அதை வெடுக்கென்று பிடுங்கி ஜாக்கிக்கு அடியில் கவிழ்த்தாள். மூடி நெளிந்தது, ஆனால் புதையவில்லை. மேனேஜர் ஜாக்கிக் கம்பியை அழுத்தினார். நாலு அழுத்துக்கு ஒரு விரல் உயர்ந்தது. எட்டு அழுத்துக்கு, "இழுங்க!" என்றாள். தோளைப் பிடித்து இழுத்தோம். கன்றுக்குட்டியை இழுப்பதுபோல வழுக்கிக்கொண்டு வந்தான்.

முட்டி வீங்கியிருந்தது. எலும்பு உடையவில்லை. எழுந்து நின்றவன் முதலில் கேட்டது, "எவன் வண்டி மேல ஏறினது? ஸ்பேனர் அதிருச்சு."

அவள் கையிலிருந்த ஆபீஸ் சாவியை ஒரு தரம் பார்த்தாள். மேனேஜரைப் பார்த்தாள். குளத்தின் நடுவில் போய் விழும்படி விட்டெறிந்தாள்.

கசிவு இப்போது இடுப்பு கனம். அவன் மறுபடி குனியப் போனான்.

"எங்க போற?"

"ரெண்டு நட்டு..."

"அந்த முட்டிய வெச்சுக்கிட்டா? நகரு. எந்த நட்டுன்னு மட்டும் காட்டு."

மூடிமேல் நிற்கிற ஜாக்கியும் கட்டையும் சேர்ந்து தாங்கும் என்றான் அவன். தாங்காது என்று எனக்குத் தோன்றியது. அவள் கேட்கவில்லை. தன் இரண்டு செருப்பையும் கழற்றினாள். சீட்டில் வைக்கப் போனவள் என்ன நினைத்தாளோ, அவனை ஏற்றிச் சீட்டில் உட்காரவைத்து, செருப்பை அவன் மடியில் வைத்தாள்.

"எறங்கினே, தொலைச்சேன்" என்று விரலை ஆட்டிவிட்டு உள்ளே நுழைந்தாள். நாலரை அடி ஆளுக்கு அந்த இடம் விசாலம்தான்.

அவன் ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் கால் தகட்டில் ஊன்றி, பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டான். அடியில் அவள் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டுவாள். அது அவன் பல்லுக்குப் போகும். அவன் தலையை ஆட்டுவான். ஒரு தட்டு. இன்னொரு தட்டு. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. அவன் கை அந்தச் செருப்பைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துப்போயிற்று. நான் ஜாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் மூடியின் விளிம்பு மெல்ல மேலே மடங்கியது.

"வெளிய வா புள்ள" என்றான். அவள் வரவில்லை.

"வான்னு சொல்றேன்ல!"

டொக், டொக், டொக் என்று மூன்று தட்டு. முடிந்தது என்று அர்த்தம் போல. அவள் தலை தெரிந்தது. உடம்பு முழுவதும் எண்ணெய்.

அப்புறம் நடந்தது அரைமணி வேலை. அவன் இடுப்புச் சாவி, இருபது எண்ணிக்கை, கறுப்புப் புகை. பிளேடு தானாக எழும்பியதும் ஜாக்கியையும் மூடியையும் கட்டையையும் நாங்கள் உருவினோம். அவள் கட்டையைக் காலுக்கடியில் போட்டுக்கொண்டு, மேட்டு மண்ணை மொத்தமாக அள்ளிக் கசிவின் வாயில் தள்ளினாள். ஒன்பது தரம் தள்ளினாள். வண்டியின் ஒரு செயின் குளத்துப் பக்கம் சரிந்தபோது நாங்கள் எல்லோரும் கத்தினோம். அவளுக்கும் கேட்கவில்லை, அவனுக்கும் கேட்கவில்லை. பத்தாவது தரம் தண்ணீர் நின்றது. கொட்டகையில் முழங்கால் தண்ணீர். வீடுகளுக்கு வரவில்லை.

ஆனால் அவளுக்கு மண் தள்ள இடம் விட்டு இறங்கியவன், அவள் செருப்பை மட்டும் தரவேயில்லை. எல்லாம் முடிந்து அவள் இறங்கிவந்து கேட்டபோதும் கக்கத்தில்தான் இருந்தது.

"குடுய்யா. கால் குத்துது."

"இரு" என்றான். கீழே உட்கார்ந்து, தன் சட்டையால் அதைத் துடைத்து, அவள் காலில் அவனே மாட்டிவிட்டான்.

அன்று சாயங்காலமே வெடித்த பழைய ஹோஸிலிருந்து ஒரு துண்டை அறுத்து, தன் செருப்புக்கு வார் தைத்தான். நட்டும் போல்ட்டும் போட்டு முறுக்கிய வார். நடந்தால் தடக் தடக் என்று ஊருக்கே கேட்கும், அவனைத் தவிர. அந்தச் செருப்பு இன்னும் எட்டு வருஷம் அந்தச் சீட்டின் மேல் ஏறி இறங்கியது. என் பால் கேன் மூடிக்கு மட்டும் இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.